கலைந்த எழுத்துகளிலிருந்து சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

வார இதழ்களின் புதிர்ப் பக்கத்தில் எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்து, 'இவற்றிலிருந்து ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்' என்று கேட்பார்கள். பலரும் எழுத்துகளை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தட்டுப்படாமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆங்கிலப் புதிரில் அப்படித் தேடுவதைத் தவிர அதிக வழியில்லை. தமிழில் அந்தச் சிரமம் வேண்டாம். எந்த எழுத்து முதலில் வரும், எது இறுதியில் வரும், எதற்குப் பின் எது வரும் என்பதெல்லாம் நம் இலக்கணத்தில் தெளிவாக இருக்கிறது. நன்னூல் எழுத்தியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் இதற்கான கருவியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குவோம். கொடுத்த எழுத்துகள்: க, க, க, க், ப, ம், ல், லை, ழ. ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டியது ஐந்தெழுத்துச் சொல்.

படி 1: எழுத்தைச் சரியாக எண்ணுங்கள்

தொடக்கத்தில் பலர் இடறுவது இங்கேதான். 'லை' ஓரெழுத்து. 'கொ' பார்வைக்கு மூன்று உருவமாகத் தெரிந்தாலும் ஓரெழுத்துதான். புள்ளி வைத்த 'க்' தனி எழுத்து. ஆகவே 'பக்கம்' நான்கெழுத்து. கணினியின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். யூனிகோடில் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், ஒன்பது எழுத்துள்ள சொல்லைக்கூட அது பதின்மூன்று என்று காட்டும்.

படி 2: முதலையும் முடிவையும் பிடியுங்கள்

மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. எனவே க், ம், ல் மூன்றும் முதலிடப் போட்டியிலிருந்து விலகுகின்றன. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ரயில், லட்டு, டிக்கெட் போன்றவை கடன் சொற்கள். நம் சீட்டுகளில் லை, ழ இரண்டும் இதனால் விலகிவிட, முதலில் நிற்கக்கூடியவை க, ப மட்டுமே.

முடிவுக்கு வாருங்கள். வல்லின மெய் இறுதியில் வராது. அதனால் 'க்' முடிவாக இருக்க முடியாது. கெ, தெ, பொ போன்ற எகர, ஒகரக் குறில்களும் பொதுவாக இறுதியில் வருவதில்லை. மிஞ்சுவதில் ம், ல், லை மூன்றுமே நல்ல முடிவுகள். 'பழக', 'கழல' போல க, ழ, ல முதலியவற்றில் முடிபவை பெரும்பாலும் எச்சங்கள். புதிரில் கேட்பது அநேகமாகப் பெயர்ச்சொல் என்பதால் அவற்றை ஒதுக்கி வையுங்கள். முதலில் 'ம்' முடிவைச் சோதியுங்கள். தமிழில் அம் என்று முடியும் பெயர்கள் ஏராளம்.

படி 3: புள்ளி வைத்த எழுத்துக்கு ஜோடி தேடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் பழகிக்கொண்டாலே பாதிப் புதிர் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அவற்றின் சொந்த வரிசைதான் வரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. ட், ற் இரண்டும் சொந்த வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் ஏற்கும்: நட்பு, கட்சி, கற்பனை, முயற்சி. மெல்லின மெய்கள் பெரும்பாலும் தம் இனத்தோடு நிற்கும்: தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, கம்பு, கன்று. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வர வேண்டுமானால் முன்னால் நிற்பது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: காய்ச்சல், பார்த்து, வாழ்க்கை.

கலைந்த எழுத்துகளில் 'க்' இருந்து, க வரிசையில் எதுவுமே இல்லாவிட்டால் வடசொல்லைச் சந்தேகியுங்கள். பக்கத்தில் 'தி' கிடந்தால் சக்தி, பக்தி, முக்தி என்று ஏதாவது ஒன்று அகப்படும்.

நம் புதிரில் 'க்' இருக்கிறது. அது வந்தால் 'க்க' என்று சேர்ந்தே வரும். ஆகவே அந்த இரண்டு சீட்டுகளையும் ஒட்டி வைத்துவிடுங்கள்.

படி 4: காலியிடத்தை நிரப்புங்கள்

ஒன்பது சீட்டுகளில் ஐந்தை எடுத்து வரிசைப்படுத்த 15,120 வழிகள் உண்டு. மூன்று 'க' ஒரே மாதிரி இருப்பதால் வெவ்வேறு வரிசைகள் அதைவிடக் குறைவு என்றாலும், அத்தனையையும் யாரால் வைத்துப் பார்க்க முடியும்? இப்போது நம்மிடம் இருப்பது இதுதான்: முதலில் ப, நடுவில் க்க, இறுதியில் ம். ப – ? – க் – க – ம். ஒரே ஓர் இடம்தான் காலி. 'ல்' போட்டால் ல், க் இரண்டு மெய்கள் சேர்கின்றன, கூடாது. 'லை', 'க' போட்டால் சொல் அமையவில்லை. 'ழ' போடுங்கள்: பழக்கம்.

அதே சீட்டுகளில் மூன்றெழுத்து கேட்டால் பகல், பழம், கழல், கழலை. நான்கெழுத்து கேட்டால் பக்கம், கழகம். 'ம்' இறுதிக்குப் போகாமல் 'ப'வோடு ஜோடி சேர்ந்தால் கம்பலை. ஆரவாரம் என்று பொருள்படும் பழைய சொல். ஏழெழுத்து என்றால் கலைக்கழகம். ஒன்பதையும் பயன்படுத்தினால் பல்கலைக்கழகம்.

படி 5: அகராதியில் சரிபாருங்கள்

விதிகள் எல்லாம் பொருந்தினாலும் அது சொல்லாக இருந்தாக வேண்டும். 'கழக்கம்' எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் அப்படியொரு சொல் வழக்கில் இல்லை. கம்பலை போன்ற பழஞ்சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் உதவும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; இணையத்திலும் தேடிப் பார்க்கலாம். இன்றைய வழக்குச் சொற்களுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

க், கை, த், து, வா, ழ். நான்கெழுத்துச் சொற்கள் இரண்டு வேண்டும். விடையைப் படிக்கும் முன் ஐந்து நிமிடமாவது முயலுங்கள்.

க் தேடும் ஜோடி கை. த் தேடும் ஜோடி து. இரண்டு ஜோடிகளுக்கும் முன்னால் நிற்கத் தகுந்த மெய் ழ். முதலிடத்துக்கு வா. வாழ்க்கை, வாழ்த்து. மூன்றெழுத்தும் வேண்டுமானால் இரண்டாவதிலிருந்து 'ழ்' சீட்டை எடுத்துவிடுங்கள்: வாத்து.