ஊதியத்துடன் கூடிய குடும்ப, மருத்துவ விடுப்பைக் கேட்டுப் பெறுவது எப்படி?

ஊதியத்துடன் கூடிய குடும்ப, மருத்துவ விடுப்புக்காகக் குரல் கொடுக்க முன்வருபவர்கள், எந்தெந்தக் காரணங்களுக்கு விடுப்பு, எத்தனை வாரம், சம்பளத்தில் எவ்வளவு பங்கு, திரும்பி வரும்போது அதே வேலை கிடைக்குமா என்ற நான்கையும் முதலில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டும் வெவ்வேறு உரிமைகள். ஒன்று கிடைத்தால் மற்றதும் தானாக வந்துவிடாது. அமெரிக்காவில் 1993இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களில் தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 12 வாரம் வரை விடுப்பையும் வேலைப் பாதுகாப்பையும் தந்தது. ஆனால் சம்பளத்துக்கு வழி செய்யவில்லை. ஒரு மாதச் சம்பளம் நின்றால் வாடகை கட்ட முடியாத தொழிலாளிக்கு அந்த உரிமை ஏட்டளவில்தான் இருந்தது. மாறாக, அந்நாட்டு மாநிலங்களில் முதலாவதாகக் கலிபோர்னியா 2002இல் இயற்றி 2004இல் நடைமுறைப்படுத்திய குடும்ப விடுப்புத் திட்டம், சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்ததே தவிர, வேலையைக் காக்கும் விதி எதையும் அதில் சேர்க்கவில்லை.

பணத்தை யார் தருவது என்ற கேள்விதான் பேச்சுவார்த்தையின் திருப்புமுனை என்பதால், அதற்கு விடை இல்லாமல் எந்தக் கூட்டத்துக்கும் செல்லாதீர்கள். முழுச் செலவையும் அந்தந்த முதலாளியின் தலையில் சுமத்தும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அப்படிச் செய்தால், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2000இல் நிறைவேற்றிய 183ஆம் உடன்படிக்கை, பேறுகால விடுப்பு 14 வாரத்துக்குக் குறையக் கூடாது, வருமானத்தின் அடிப்படையில் கணக்கிட்டால் உதவித்தொகை முந்தைய வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது என்று சொல்வதோடு, அந்தத் தொகை பொதுவாகக் கட்டாயச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும் என்றும் சொல்கிறது. கலிபோர்னியத் திட்டமும் தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கப்படும் சந்தாவைக் கொண்டே நடக்கிறது. "வராதவருக்கும் கொடுத்து, மாற்று ஆளுக்கும் கொடுக்க என்னால் முடியாது" என்று சிறு முதலாளி சொல்வது நியாயமான கவலை. விடுப்பில் இருப்பவருக்குப் பொது நிதி பணம் தரும்போது, அவருடைய சம்பளம் முதலாளியிடமே மிஞ்சுவதால் மாற்று ஆளுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அதன்பின் அனுபவங்களைத் திரட்டுங்கள். "மிகவும் கஷ்டப்பட்டேன்" என்ற வாக்கியம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கேட்பவர் அடுத்த மனுவைப் படிக்கத் தொடங்கியதும் மறந்துவிடுவார். பேசுபவரின் அருகில் பொறுமையாக அமர்ந்து, நாள்வாரியாகக் கேட்டு எழுதுங்கள்: தாய்க்கு அறுவை சிகிச்சை எந்தத் தேதியில் நடந்தது, சேமித்து வைத்திருந்த விடுப்பு எத்தனையாவது நாளில் தீர்ந்தது, அந்த மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு, கட்டுப் பிரிப்பதற்குள் மகன் வேலைக்குத் திரும்பியபோது தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார். அந்தச் சீட்டின் நகலையும், ஒப்புதல் பெற்ற பிறகு, பெயரை மறைத்து இணைத்துவிடுங்கள். நோயின் பெயரைச் சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது. பேசியதற்காகப் பழிவாங்கப்படலாம் என்று அஞ்சுபவரின் வாக்குமூலத்தைத் தொழிற்சங்கமோ தொழிலாளர் குழுவோ தன் பெயரில் அளிப்பதே பாதுகாப்பு.

பணியிடத்தில் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நெருங்கும்போது நிர்வாகத்திடமும், சட்டம் வேண்டுமானால் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் செல்லுங்கள். மருத்துவர்களும், திட்டத்தை ஏற்கும் சிறு தொழில் உரிமையாளர்களும் உடன் வந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

வரைவு கைக்கு வந்ததும் முதலில், 'தொழிலாளர்', 'குடும்பம்' போன்ற சொற்கள் யாரைக் குறிக்கும் என்று வரையறுக்கும் பகுதியைப் படியுங்கள். ஒப்பந்தத் தொழிலாளரும் பகுதிநேரப் பணியாளரும் பெரும்பாலும் அங்கேதான் விடுபட்டுப்போகிறார்கள். 'குடும்பம்' என்பதில் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் மட்டும் இருந்தால், வளர்த்த பாட்டியையும் உடன்பிறந்தவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவம் தொழிலாளர் படிக்கும் மொழியில் இருக்கிறதா, பணம் எத்தனை நாளுக்குள் வந்து சேரும், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு எங்கே என்பவற்றையும் விதியிலேயே எழுதி வாங்குங்கள்; மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறவருக்கு அப்போது விசாரித்து அலைய நேரம் இருக்காது.