பிடிமண்ணோடு ஒரு முனி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பேய், பூதம், யாளியாக ஆடுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் மேசைக் கதை விளையாட்டு. அதில் மனிதன், எல்ஃப், குள்ளன் என்று ஆடி அலுத்தவர் ஒரு நாள் கேட்பார்: "இந்தத் தடவை நான் முனியா வரட்டுமா?" டி.எம். (கதையை நடத்துபவர்) ஆசையாகச் சரி என்பார். முதல் இரண்டு செஷன் (உட்கார்ந்து ஆடும் தடவை) கலகலப்பாகப் போகும். மூன்றாவதில் ஊருக்குள் நுழைய முடியாது, நாலாவதில் மற்ற மூவரும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். முனி கதாபாத்திரத்தில் தப்பில்லை. அதைக் கட்டிய விதத்தில்தான் தப்பு.

கீழே வரும் எண்கள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளைச் சேர்ந்தவை. அதன் அடிப்படைப் பகுதி 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. களம் நம்ம கரை: தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி முனை, தென்கடல் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி. மந்திரமும் பூதமும் நடமாடும் கற்பனை ராமநாதபுரம்.

அரக்கனின் எண்களை அப்படியே தூக்காதீர்கள்

விதிப் புத்தகத்தில் அரக்கர்களுக்கு இருக்கும் எண்கள், மூன்று நாலு சுற்றுச் சண்டை போட்டுச் சாக வேண்டியவர்களுக்கானவை. நாற்பது செஷன் வாழப்போகிறவருக்கு அவை பொருந்தாது. ஓகர் என்ற பெரிய அரக்கனை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 59, ஒரு அடிக்குச் சராசரி 13 சேதம். பக்கத்தில் நிற்கும் முதல் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரர்) கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) போனஸ் +2 இருந்தால் 12 ஹிட் பாயிண்ட். ஓகர் ஒருவரே எல்லாச் சண்டையையும் முடித்துவிடுவார். அதே ஃபைட்டர் பத்தாம் லெவலில் சராசரியாக 84 ஹிட் பாயிண்டோடு, தன் முறை (டர்ன்) வரும்போது இரண்டு அடி அடிப்பார். ஓகர் அப்போதும் 59-இல் நிற்பார். முதல் பாதியில் மற்றவருக்கு எரிச்சல், மறு பாதியில் அவருக்கே எரிச்சல்.

அதனால் ஏற்கெனவே இருக்கும் ஓர் இனத்தை எலும்புக்கூடாக வைத்து, மேலே சதை பூசுங்கள். பூச வேண்டியது மூன்றே விஷயம்: ஒரு உடம்பு, ஒரு வித்தை, ஒரு கட்டு.

உடம்பு என்பது எப்போதும் இருப்பது, யாரையும் அடிக்காதது: இருட்டில் 60 அடி பார்வை, நீந்தும் வேகம் போல. வித்தை என்பது ஓய்வுக்கு ஒரு முறை செய்வது, மறுபடி செய்ய ஓய்வெடுக்க வேண்டும். 5, 11, 17 லெவல்களில் வளர வேண்டும், இல்லையென்றால் பாதியில் செத்துவிடும். கட்டு என்பதை மந்திரவாதி பேயைக் கட்டுகிற அதே பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கனை ஆடத் தகுந்தவனாக்குவது அதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் கடைசியில், தூக்கக் கலக்கத்தில், ஒரு வரி கிறுக்கிவிட்டுப் போவதும் அதைத்தான்.

நல்ல கட்டு செஷனுக்கு ஒரு தடவையாவது தலைகாட்டும். தினம் பத்துத் தடவை காட்டாது. அதைவிட முக்கியம், அதை அவிழ்க்கவோ காக்கவோ கூட ஆடுபவர்கள் கை கொடுக்க முடியும். "வெயிலில் கண் கூசும்" என்ற கட்டைப் பாருங்கள். விதிப்படி நேர் வெயிலில் அடிக்கவும் பார்க்கவும் பகடை இரண்டு போட்டுச் சின்னதை எடுக்க வேண்டும். சுரங்கத்துக்குள் நடக்கும் கதைக்கு அது சரி. உப்பளமும் வெள்ளை மணலும், நிழலுக்கு உடைமரமும் பனையும் தவிர ஒன்றுமில்லாத இந்தக் கரையில் அந்த ஆள் முக்கால்வாசி நேரம் குருடர். கூட இருப்பவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. கெட்ட கட்டு.

முனி

ஊர் எல்லைப் பனங்காட்டில் குடியிருப்பவர். இடத்தோடு ஒட்டியவர் எப்படிப் பார்ட்டியோடு (கூட ஆடும் குழு) ஊர் ஊராகப் போவார்? இந்தக் கேள்வியில்தான் பல மேசைகள் முனியைக் கைவிடுகின்றன. பதில் நம் வழக்கத்திலேயே இருக்கிறது: பிடிமண். குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து வேறு ஊரில் கோயில் எழுப்புவார்களே, அதே மாதிரி முனியின் எல்லையை ஒரு துணி முடிச்சில் கட்டிக் கூடவே கொண்டுபோகலாம்.

எலும்புக்கூடு ஹாஃப்-ஆர்க் (பாதி மனிதன், பாதி ஆர்க் அரக்கன்). இருட்டுப் பார்வையும் மிரட்டும் திறனும் அப்படியே இருக்கட்டும். சாகாமல் ஒரு ஹிட் பாயிண்டில் நிற்கும் சலுகையையும், கிரிட்டிக்கலில் (பகடையில் 20 விழும் அடி) கூடுதல் பகடையையும் எடுத்துவிட்டு உருமலைக் கொடுங்கள்: குறுகிய ஓய்வுக்கு (ஒரு மணி நேரம்) ஒரு முறை, 10 அடிக்குள் இருக்கும் எதிரிகள் விஸ்டம் சேவ் (மன உறுதியால் தப்பிக்கப் போடும் பகடை) போட வேண்டும், இலக்கு 8, அதோடு முனியின் புரொஃபிஷியன்ஸி (தேர்ச்சி) போனஸ், கரிஸ்மா (ஆளுமை) போனஸ். தோற்றவர்கள் முனியின் அடுத்த முறை முடியும்வரை மிரள்வார்கள். 5-ஆம் லெவலில் 20 அடி, 11-இல் 30 அடி, 17-இல் நாளுக்கு ஒரு தடவை கூடுதலாக.

உயரம் பனை அளவு என்று ஊரில் சொல்வார்கள். கதாபாத்திர ஷீட்டில் மீடியம் (மனித அளவு) என்றே எழுதுங்கள், சுமை தூக்குவதற்கு மட்டும் ஒரு அளவு பெரியவராகக் கணக்கு வையுங்கள்.

கட்டு: பிடிமண் தலைமாட்டில் இல்லாமல் எடுக்கும் நீண்ட ஓய்வு (எட்டு மணி நேரம்) குறுகிய ஓய்வாகவே கணக்காகும். உப்புத் தண்ணீர் பட்டால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். சித்திரையில் இது ஒன்றுமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. அடுப்படியில் இடம் கொடுக்கும் வீட்டைத் தேடிப் போக வேண்டும், அதற்கு அந்த வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். ஒரு கைப்பிடி மண் ஒரு செஷனையே இழுத்துவிடும்.

மேசையில் அது வேலை செய்யும் விதம் இப்படி. மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு வத்தையில் (சிறு படகு) போகிறார்கள், வாடைக்காற்று. முனிக்கு இரண்டு கையும் துடுப்பில். டி.எம். கேட்க வேண்டிய கேள்வி, "முடிச்சு யார் கையில இருக்கு?" திருடனாக ஆடுபவர் வாங்கி வைத்திருக்கிறார். அலை வந்தால் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் போடுவது திருடன், முனி இல்லை. தோற்றால் திருடன் திட்டு வாங்குவார், ஜெயித்தால் அவர்தான் அன்றைய நாயகன். முனியின் பலவீனம் இன்னொருவருக்குக் காட்சி கொடுத்தது. அடுத்த தடவை திருடன் முடிச்சைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார்.

கொள்ளிவாய்ப் பிசாசு

டிராகன்பார்ன் (டிராகன் வழி வந்த இனம்) எலும்புக்கூடு அப்படியே பொருந்தும். 15 அடிக் கூம்பாக நெருப்பு, குறுகிய ஓய்வுக்கு ஒரு முறை, முதலில் 2டி6 (ஆறுமுகப் பகடை இரண்டு) சேதம். 6, 11, 16 லெவல்களில் ஒவ்வொரு பகடையாக ஏறும். நெருப்புச் சேதம் பாதிதான் படும். வளர்ச்சி ஏற்கெனவே உள்ளே இருப்பதால் நீங்கள் தொட வேண்டியதில்லை.

கட்டு: வாயைத் திறந்தால் வெளிச்சம். 10 அடிக்குப் பளிச்சென்று, அடுத்த 10 அடிக்கு மங்கலாக. இரவில் ஒளிந்து போகும்போது பேச முடியாது, அவ்வளவுதான். ஆனால் ஆடுபவரும் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டு சைகையில் ஆட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நில், வா, ஆபத்து என்று மூன்று சைகை போதும். நாலாவதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

"அப்பு, அந்த ஆளு ஏறுனதுல இருந்து வாயே தெறக்கலையே, எதுவும் கோவமா?" என்று படகுக்காரர் கேட்கும் இடம் மேசையில் தவறாமல் சிரிப்பை வரவழைக்கும்.

இன்னொன்று: ஓலைக் கொட்டகை, கருவாட்டு மூட்டை, தென்னங்கயிறு, பாய்மரத் துணி. நெருப்புக் கூம்பு பொருட்களைப் பற்றவைக்கும் என்று டிராகன்பார்ன் விதியில் இல்லை. பற்றுமா பற்றாதா என்று முதல் செஷனுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். படகு எரிந்த பிறகு முடிவு செய்தால் சண்டைதான்.

மற்றவர்கள், சுருக்கமாக

யாளியை லார்ஜ் அளவில் கொடுக்காதீர்கள். 10க்கு 10 அடி இடம் பிடிப்பவர் சந்திலும் படகிலும் நெருக்கியடித்துத்தான் போக முடியும். அங்கே நடக்க இரட்டைச் செலவு, தன் அடி எளிதில் தவறும், எதிரி அடி எளிதில் படும். மீடியம், கல் தோல், தும்பிக்கை போதும்.

ஆவுலியாவுக்கு (கடற்பசு) நீருக்குள் மூச்சுவிடும் திறன் வேண்டாம். உண்மையான ஆவுலியாவே சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் கடற்புல் மேயப் போகும். குள்ளன் எலும்புக்கூடு, தரையில் 25 அடி, நீரில் 30 அடி, மூச்சடக்கல் 15 நிமிடம். மற்றவர்கள் ஒரு நிமிடமும் அதன் மேல் கான்ஸ்டிட்யூஷன் போனஸில் புள்ளிக்கு ஒரு நிமிடமும்தான் தாங்குவார்கள் என்பதால் அதுவே பெரிய வரம். கடலடிச் சண்டை வந்தால் நீந்தும் வேகம் உள்ளவருக்கு எந்தக் கைகலப்பு ஆயுதமும் ஓடும். இல்லாதவர்கள் ஈட்டி, கத்தி, சூலம் போன்ற குத்தும் ஆயுதங்களைக் கையில் வைத்திருக்கட்டும்.

சிலப்பதிகாரம் சொல்லும் புகார் நகரத்துச் சதுக்கப் பூதத்தைக் கேட்பவரிடம் கவனம். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பாசத்தால் கட்டித் தின்னும் பூதம் பார்ட்டிக்குள் வந்தால் திருடனும் வியாபாரியும் ஆட முடியாது, எல்லார் வாயையும் பூதம் பிடித்துவிடும். சாட்சி சொல்லும் இடத்தில் சொன்ன பொய் மட்டுமே அதைத் தொடும் என்று சுருக்குங்கள்.

பறப்பவர் யாராயிருந்தாலும் ஐந்தாம் லெவல்வரை ஒவ்வொரு முறை முடிவிலும் தரையில் கால் வைக்க வேண்டும். அந்த லெவலில்தான் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கிடைக்கிறது.

ஷீட்டில் 'அன்டெட்' என்று எழுதும் முன்

அன்டெட் என்றால் செத்தும் நடமாடும் வகை. பேய்தானே என்று யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். முதல் சண்டையில் கிளெரிக் (பூசாரி) கியூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் மந்திரம் போடுவார்; அந்த மந்திரம் அன்டெட் மேல் வேலை செய்யாது. பாலடினின் (புனிதப் போர்வீரர்) கைவைத்தியமும் அப்படியே. மருந்துக் குப்பியும் ஓய்வும்தான் மிச்சம். அதைவிட மோசம், கிளெரிக் டர்ன் அன்டெட் (அன்டெட்டை விரட்டும் வித்தை) செய்தால் 30 அடிக்குள் இருக்கும் எல்லா அன்டெட்டும் சேவ் போட வேண்டும், நம்ம ஆளும் சேர்த்து. அந்தக் கஷ்டம் வேண்டுமென்றே கேட்டால் கொடுங்கள். இல்லையென்றால் ஹியூமனாய்ட் (மனித வகை) என்று எழுதிவிட்டுக் கதையில் மட்டும் பேயாக வைத்துக்கொள்ளுங்கள்.

அது, அவன், அவரு

ஊர் எப்படி நடத்தும் என்பதற்குத் தனிப் புள்ளிக் கணக்கு வேண்டாம். தமிழில் ஆடும் மேசைக்கு ஒரு வசதி இருக்கிறது: படர்க்கைச் சொல்லே புள்ளிப் பலகை. முதலில் ஊர்க்காரர்கள் எல்லாரும் "அது" என்பார்கள்: "அது எங்க போவுது?" அந்த நிலையில் பேசி இணங்கவைக்கும் பகடை இரண்டு போட்டுச் சின்னதை எடுக்க வேண்டும். ஊருக்கு உருப்படியாக ஒன்று செய்தபின் "அவன்", "அவ"; சாதாரணப் பகடை. இன்னும் பெரிதாக ஒன்று செய்தபின் "அவரு", "அவங்க". இரண்டு போட்டுப் பெரியதை எடுக்கலாம். ஒரு படி ஏற நாலைந்து செஷன் ஆகட்டும். பணம் கொடுத்து ஏற முடியாது. ஊருக்கு ஊர் தனிக் கணக்கு: தொண்டியில் அவரு, தேவிபட்டினத்தில் இன்னும் அதுதான். டி.எம். படி மாறியதை அறிவிக்கக் கூடாது. மீன் விற்கும் அம்மா போகிற போக்கில் "அவருக்கும் ஒரு கூறு போடு" என்றால் மேசையில் ஆடுபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதில் ஒரு குழி: ஊர் முனியைச் சாமியாக்கிவிட்டால் சாமியைக் கூப்பிடுவது போல "நீ"தான், கூடவே தினம் ஒரு வேண்டுதல். ஒன்றிரண்டு நிறைவேற்றினால் ருசி, ஐந்தாவது வேண்டுதலில் கதை நின்றுவிடும்.

ஊருக்கு ஓர் அலறல் போதும். முதல் தடவை நுழையும்போது முழுக் காட்சி, அடுத்த தடவை ஒரு வரி, பிறகு எதுவும் வேண்டாம். பார்ட்டியில் இரண்டு அரக்கர்களுக்கு மேல் இருந்தால் சேதுபதி மன்னர் முத்திரையிட்ட ஓலை ஒன்றைக் கொடுங்கள், சேது யாத்திரைக்கு வழிவிடச் சொல்லி. ஓலை நனையும், எரியும், திருடு போகும், தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்ளலாம்.

ஆடுபவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போனால் முனியைக் கொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஓர் இடம் தேர்ந்தெடுத்துப் பிடிமண்ணைக் கொட்டட்டும். வரைபடத்தில் அங்கே ஒரு பனை வரையுங்கள். அதன்பின் அந்த இடத்தில் பார்ட்டி எடுக்கும் நீண்ட ஓய்வை எதுவும் கலைக்காது, ஒரு சுருட்டு வைத்துவிட்டுப் படுத்தால்.