கோச்சை மாற்றச் சொல்லும் முன்

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பக்கம் தேசியத் தொடர் களைகட்டும், இன்னொரு பக்கம் தோற்ற கோச்சுகளுக்குச் சீட்டுக் கிழியும். "இந்த ஆளை அனுப்பிவிடுங்கள்" என்று ரசிகர்கள் கத்துவது பல சமயம் நியாயம்தான். ஆனால் அதற்குச் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது.

ஒரே ஆட்டத்தை வைத்து முடிவெடுப்பது எல்லோரும் செய்கிற தவறு. 2018-இல் முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியா, பதினாறாம், அதாவது கடைசித் தரவரிசை அணியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் தொடரில் அதுவரை நடக்காத அவமானம். அடுத்த வருஷமே, அதே கோச் டோனி பென்னட்டின் கீழ், அதே வர்ஜீனியா தேசியப் பட்டம் வென்றது.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் ஆபத்தானது. எந்தக் கோச் தடுமாறினாலும் உடனே ஒருவர், "பொறுங்கள், கோச் கே-யும் ஆரம்பத்தில் தோற்றவர்தானே" என்பார். கதை உண்மைதான். 1980-இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த மைக் ஷஷெவ்ஸ்கி, அதாவது கோச் கே, இரண்டாவது சீசனில் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவதில் 11-க்கு 17. அந்த மூன்றாவது சீசன் 109-66 என்ற தோல்வியோடு முடிந்தது. இருந்தும் விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அவரை விடவில்லை. அடுத்த ஆண்டே ஒப்பந்தத்தை நீட்டித்தார். பிறகு வந்தவை ஐந்து தேசியப் பட்டங்கள்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு பகுதியை வசதியாக விட்டுவிடுகிறோம். அந்த 11-17 அணியில் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ் எல்லாம் முதலாம் ஆண்டு மாணவர்கள். அதே பையன்கள்தான் 1986-இல் டியூக்கை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். தோல்விக்கு நடுவிலும் விதை மண்ணில் இருந்தது. அது இல்லாத இடத்தில் பொறுமையாக இருந்தால் வருஷம்தான் ஓடும்.

அந்த இறுதிப் போட்டியில் டியூக்கை வென்ற லூயிவில் அணியில் கென்னி பெய்ன் என்ற இளைஞர் இருந்தார். அவரே 2022-இல் லூயிவில்லுக்குக் கோச்சாக வந்தார். நம்ம வீட்டுப் பிள்ளை என்று ஊரே கொண்டாடியது. முதல் சீசனில் 4 வெற்றி, 28 தோல்வி. அடுத்ததில் 8-க்கு 24. பாசம் வேறு, பயிற்சி வேறு. 2024-இல் அவருக்குப் பதிலாக வந்த பேட் கெல்சி, ஏறக்குறைய முழு அணியையும் புதிதாகத் திரட்டி, முதல் சீசனிலேயே 27 ஆட்டங்களில் ஜெயித்தார்.

இப்படி ஒரே வருஷத்தில் அணியைத் திரட்ட முடிந்தது 2021-இல் விதி மாறியதால்தான். கல்லூரி மாறும் வீரர் முன்போல் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதில்லை. அதனால் "ஐந்து வருஷம் கொடுங்கள்" என்ற பழைய வாதம் இப்போது அவ்வளவாக எடுபடாது. ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்: கோச்சை அனுப்பினால் நல்ல வீரர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அப்புறம் காசு. ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பினால் மிச்சத் தொகைக்குப் பதில் சொல்ல வேண்டும். 2021-இல் ஆர்ச்சி மில்லரை அனுப்ப இந்தியானாவுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஆனது. அடுத்து வந்த மைக் உட்சனும் நான்கு சீசன்தான் இருந்தார். யார் வரப்போகிறார் என்று தெரியாமல் நாற்காலியைக் காலி செய்வது தண்டச் செலவு.

இன்னொரு தவறு, புதியவர் ஜெயித்தால் பழையவர் எதற்கும் உதவாதவர் என்று முடிவு கட்டுவது. நார்த் கரோலைனாவில் மேட் டோஹர்டி 2001-02 சீசனில் 8-20 என்று கவிழ்ந்து, 2003-இல் வெளியேறினார். ராய் வில்லியம்ஸ் வந்தார், 2005-இல் பட்டம். அந்த அணியின் தூண்களான ரேமண்ட் ஃபெல்டன், ஷான் மே, ரஷாத் மெக்கான்ட்ஸ் மூவரையும் சேர்த்தவர் டோஹர்டிதான். அப்படியானால் அவரை மாற்றியது தவறா? இல்லை. ஆட்களைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அவர்களோடு ஒத்துப்போகத் தெரியவில்லை. வீரர்களே அதிருப்தியில் இருந்தார்கள். வெற்றி தோல்விப் பட்டியலில் அது தெரியாது, உடைமாற்றும் அறையில்தான் தெரியும்.