போட்டி நிறுவனங்களின் பேச்சை நம்பாமல் ஒரு போனின் கட்டமைப்புத் தரத்தை எடைபோடுவது எப்படி?

கையில் எடுத்ததும் கனம், தொட்டதும் குளிர்ச்சி, விளிம்பை வருடினால் ஒட்டுத் தெரியாத வழவழப்பு: இந்த மூன்றும் இருந்தால் போதும், போன் நல்ல தயாரிப்பு என்று பத்து விநாடிக்குள் முடிவுகட்டி விடுகிறோம். அந்தப் பத்து விநாடியின் மதிப்பு நமக்குத் தெரிவதைவிடத் தயாரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிறுவனம் புதிதாக ஒன்றைச் செய்து பெயர் வாங்கியதும் மற்றவை முதலில் எடுத்துக்கொள்வது, கைக்கும் கண்ணுக்கும் உடனே எட்டும் அந்த மேற்பரப்பைத்தான். எனவே போட்டியில் இருக்கும் இரண்டு போன்களை ஒப்பிட விரும்புகிறவர், எளிதில் பார்த்துச் செய்யக்கூடியது எது, அப்படிச் செய்ய முடியாதது எது என்று பிரித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

கையின் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்

தொட்டால் குளிர்வது உயர்ந்த பொருளின் அடையாளம் என்று தோன்றுகிறது. உண்மையில் அது விரலின் வெப்பத்தை அந்தப் பொருள் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. அலுமினியம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவதால் சில்லென்று இருக்கும். போன்களில் பயன்படும் டைட்டானியக் கலவை அதைவிடப் பல மடங்கு மெதுவாகக் கடத்துவதால் அவ்வளவு குளிராது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் குளிர்வதே இல்லை. குளிர்ச்சியை அளவுகோலாகக் கொண்டால் டைட்டானியத்தைவிட அலுமினியம் உயர்ந்தது என்றாகிவிடும், ஆனால் விளம்பரங்களில் டைட்டானியம்தான் உச்சியில் இருக்கிறது. கனமும் இப்படித்தான். ஐபோன் 14 ப்ரோவின் எடை 206 கிராம். சட்டகத்தைத் துருப்பிடிக்காத எஃகிலிருந்து டைட்டானியத்துக்கு மாற்றிய ஐபோன் 15 ப்ரோவின் எடை 187 கிராம். கனம் குறைந்ததால் அந்தப் போன் மட்டமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அதே கை வேறொரு நிறுவனத்தின் போனைத் தூக்கிப் பார்த்து ‘லேசாக இருக்கிறதே, பொம்மை மாதிரி’ என்று முகம் சுளிக்கும்.

பின்பக்கத்தை விரலால் தட்டிப் பார்க்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. டொக்கென்று வெற்றொலி கேட்டால் மலிவு என்பது கணக்கு. அந்த ஒலி வருவது, பின்மூடிக்கும் உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் நடுவே சிறிது காற்றிடைவெளி இருப்பதால். பிளாஸ்டிக் மூடியில் அது கூடுதலாகக் கேட்கும், கீழே விழும்போதோ அதே பிளாஸ்டிக் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். 2020இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்20இன் முதுகு கண்ணாடி. அடுத்த ஆண்டு வந்த எஸ்21இல் அது பிளாஸ்டிக். தரம் இறங்கிவிட்டது என்று அப்போது எழுந்த கூச்சலில், எது கீழே விழுந்தால் உடையும் என்று கேட்டவர்கள் குறைவு.

யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்பதிலிருந்து என்ன கற்கலாம்

‘காப்பி அடித்துவிட்டார்கள்’ என்ற வாதத்தில் இறங்குவதற்கு முன், அந்த வாதம் நீதிமன்றத்தில் எப்படி நடந்தது என்று பார்ப்பது பயன் தரும். 2011 ஏப்ரலில் ஆப்பிள் சாம்சங் மீது அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், 2012 ஆகஸ்டில் நடுவர் குழு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2018 மே மாதம் 53.9 கோடி டாலர் என்று இன்னொரு குழு நிர்ணயித்த பிறகு, அடுத்த மாதம் இரு தரப்பும் சமரசமாயின. ஐபோனையும் தங்கள் கேலக்ஸி எஸ் போனையும் திரை திரையாக ஒப்பிட்டு, எங்கெங்கே திருத்த வேண்டும் என்று சாம்சங் தனக்குள் எழுதிக்கொண்ட 132 பக்க அறிக்கை ஒன்றும் அந்த வழக்கில் வெளிவந்தது. வழக்கில் அடிபட்டவை எவை என்று கவனியுங்கள்: வளைந்த மூலைகள், ஐகான்களின் அடுக்கு, பட்டியலின் முடிவுக்கு வந்ததும் திரை துள்ளித் திரும்பும் அசைவு. எல்லாமே வெளியே தெரிபவை. உள்ளே ஒட்டும் பசையைப் பற்றியோ, திருகு எங்கே முறுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியோ யாரும் சண்டை போடவில்லை.

டேப்லெட்டுகள் தொடர்பாக 2012 ஜூலையில் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு இன்னும் சுவையானது. நீதிபதி பெர்ஸ் சாம்சங்கின் டேப்லெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம் போலத்தான் இருக்கின்றன, வேறுபாடு பருமனிலும் பின்பக்க விவரங்களிலும் இருக்கிறது என்று கண்டார். ஆப்பிளின் வடிவமைப்பில் இருக்கும் அளவுக்கு மீறிய எளிமை சாம்சங்கினுடையதில் இல்லை, அது அவ்வளவு ‘கூல்’ இல்லை, ஆகவே அது நகல் இல்லை என்று முடிவு சொன்னார். வென்றவரும் முகம் வாடியிருக்க வேண்டிய தீர்ப்பு. கடையில் நிற்கும் நாமும் அவர் செய்ததைச் செய்யலாம்: திரை எரியும் முன்பக்கத்தை மேசையில் கவிழ்த்துவிட்டு, பக்கவாட்டையும் முதுகையும் மட்டும் ஐந்து நிமிடம் பார்க்கலாம்.

பார்த்துச் செய்யும் ஓட்டத்தில் ஒன்று வரும்போது இன்னொன்று போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். சாம்சங்கின் பிளாஸ்டிக் முதுகைப் பல ஆண்டுகள் கேலி செய்துவந்தார்கள். 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5இல் கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, மெமரி கார்டு இடம், ஐபி67 அளவிலான நீர்த்தடுப்பு மூன்றும் இருந்தன. 2015இல் எஸ்6 கண்ணாடியும் உலோகமுமாக வந்ததும் ‘இப்போதுதான் தரமான போன்’ என்று பாராட்டு குவிந்தது. அந்த மூன்றும் அதில் இல்லை. நீர்த்தடுப்பும் கார்டு இடமும் அடுத்த ஆண்டு எஸ்7இல் திரும்பின, பேட்டரியைக் கழற்றும் வசதி மட்டும் திரும்பவே இல்லை. என்னைக் கேட்டால், கட்டமைப்பின் பார்வையில் எஸ்5 தோற்ற போன் அல்ல. அழகுப் போட்டியில் தோற்ற போன். ஆகவே ஒரு போன் போட்டியாளரைப் போல மாறியிருக்கிறது என்று தெரிந்தால், அதன் முந்தைய மாதிரியின் விவரப்பட்டியலைப் பக்கத்தில் வைத்து, காணாமல் போனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். புதிதாக வந்தவற்றை நிறுவனமே உரக்கச் சொல்லிவிடும்.

ஒருவரையொருவர் கேலி செய்யும் விளம்பரங்களுக்கு இதில் எந்த மதிப்பும் தர வேண்டியதில்லை. 2016இல் தன் முதல் பிக்சல் போனின் விளம்பரத்தில் ஹெட்போன் துளை இருப்பதைக் குத்தலாகச் சொல்லிக்காட்டிய கூகுள், மறு ஆண்டே பிக்சல் 2இல் அதை எடுத்துவிட்டது. 2020இல் ஐபோன் 12இன் பெட்டியில் சார்ஜர் இல்லை என்று சிரித்த சாம்சங், சில மாதங்களில் எஸ்21இன் பெட்டியிலிருந்து அதை நீக்கியது. யார் முதலில் என்பதும் சொல்லும் ஆளைப் பொறுத்தது. ஹெச்டிசி நிறுவனத்தின் ஒன் ஏ9 போன் 2015இல் ஐபோன் 6 போலவே இருக்கிறது என்று பலரும் சொன்னபோது, 2013இலேயே முழு உலோக உடலில் ஆன்டெனாக் கோடுகளுடன் போன் செய்தவர்கள் நாங்கள்தான் என்று அந்நிறுவனத்தின் நிர்வாகி ஒருவர் திருப்பியடித்தார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ரேடியோ அலை உலோகத்தைத் தாண்டாது என்பதால், உலோக முதுகு வைக்கும் எவரும் எங்காவது பிளாஸ்டிக் கோடு போட்டே ஆக வேண்டும். இயற்பியல் திணித்த ஒற்றுமை ஒருபுறம், கண்ணை ஏமாற்ற வந்த ஒற்றுமை மறுபுறம். வயர்லெஸ் சார்ஜிங் வேண்டுமென்றால் முதுகு கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும் என்பது முதல் வகை. ஐபோன் 15 ப்ரோ வந்த நான்கே மாதத்தில், 2024 ஜனவரியில், எஸ்24 அல்ட்ராவுக்கும் டைட்டானியச் சட்டகம் வந்ததை எந்த வகையில் சேர்ப்பது என்பதை உங்களிடமே விடுகிறேன். 2025இல் ஐபோன் 17 ப்ரோ அலுமினியத்துக்கே திரும்பியது, வெப்பத்தை வெளியேற்ற அது நல்லது என்ற காரணத்துடன்.

இனி போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்

நல்ல வெளிச்சத்தில் போனைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, திரைக்கண்ணாடி சட்டகத்தைச் சந்திக்கும் கோட்டை நான்கு பக்கமும் தொடர்ந்து பாருங்கள். இடைவெளி இருப்பது குற்றமில்லை. ஒரு மூலையில் மயிரிழையாகவும் மறு மூலையில் நகம் நுழையும் அளவிலும் இருப்பதுதான் குற்றம். பிறகு பவர் பட்டனை அழுத்தாமல், விரல்நுனியால் மேலும் கீழும் இடமும் வலமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். சிறிது அசையும், அதில் பிழையில்லை. அழுத்தும்போது நடுவில் ஒரு விதமாகவும் ஓரத்தில் வேறு விதமாகவும் கிளிக் ஆனால், பட்டனுக்கு அடியில் இருக்கும் தாங்கி சரியாக அமரவில்லை என்று பொருள். சிம் தட்டை வெளியே எடுத்து, அதன் தலைப்பைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலைதான், நீர்த்தடுப்பு பற்றிய பேச்சை அந்த வளையம் பாதியளவு உறுதிசெய்துவிடும். கடைசியாக, இரண்டு கைகளாலும் போனின் இரு முனைகளைப் பிடித்து மிக மெல்ல முறுக்கினால் கிரீச்சென்ற ஒலி வரக்கூடாது. வளைக்கச் சொல்லவில்லை. 2014இல் ஐபோன் 6 பிளஸ் கால்சட்டைப் பையிலேயே வளைந்த புகார்களில், வளைவு பெரும்பாலும் வால்யூம் பட்டனுக்காகச் சட்டகத்தில் வெட்டிய இடத்துக்கு அருகே இருந்தது. மறு ஆண்டு 6எஸ் இன்னும் வலுவான 7000 வரிசை அலுமினியக் கலவையில் வந்தது. வெட்டுகள் அடுத்தடுத்து இருக்கும் இடமே மெல்லிய சட்டகத்தின் பலவீனம் என்பதை அதிலிருந்து எந்தப் போனுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் ஒரு காரணம். கண்ணாடி முதுகும் மின்னும் உலோக விளிம்பும் கொண்ட ஒரு போனை, அதன் போட்டியாளரின் விலையுயர்ந்த மாதிரியை அப்படியே உரித்துவைத்தது போல் இருந்ததாலேயே வாங்கினேன். எட்டாவது மாதத்தில் கேமராக் கண்ணாடிக்கு உள்ளே தூசி தெரிந்தது. பழுதுபார்ப்பவர் முதுகைச் சூடாக்கித் திறந்து காட்டினார்: ஒட்டுப்பட்டை மூன்று பக்கம் ஒழுங்காக இருந்தது, கேமராவை ஒட்டிய நான்காவது பக்கத்தில் பாதியிலேயே நின்றிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

விற்பனையாளர் திரைமேல் சாவியைக் கீறிக் காட்டினால் வியக்க வேண்டாம். சாவி கண்ணாடியைவிட மென்மையானது, அதனால் கீறல் விழாமல் இருப்பதில் எந்த அற்புதமும் இல்லை. திரையைக் கீறுவது சட்டைப்பையில் கிடக்கும் மணல். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7, போன் கண்ணாடிகளில் 6ஆம் நிலையிலேயே கீறல் தெரியத் தொடங்கும். இந்தக் கண்ணாடிகளுக்குப் பலம் வருவது உருகிய உப்பில் ஊறவைப்பதால்: சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார, மேற்பரப்பு இறுக்கமடைகிறது. இத்தகைய கண்ணாடியைக் கார்னிங் நிறுவனம் ஆப்பிளுக்கும் தருகிறது, சாம்சங்குக்கும் தருகிறது. ஐபோன் 10இன் ஓலெட் திரையும் சாம்சங் டிஸ்ப்ளே தயாரித்ததுதான். கடையில் எதிரெதிரே நிற்கும் போன்களின் பாகங்கள் ஒரே ஆலையிலிருந்து வந்திருக்கலாம் என்பதால், பாகத்தின் பெயரைவிட அதைப் பொருத்தியிருக்கும் விதத்துக்கே கூடுதல் கவனம் கொடுங்கள்.

முத்திரைகளைப் படிக்கும்போது

ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையான, தயாரிப்பாளரே குறிப்பிடும் நிலை. ஆகவே இரண்டு ஐபி68 போன்கள் சமம் என்று கொள்ளாமல், எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். சோதனை நடப்பது நன்னீரில், புதிய போனில். உப்புநீரும் சோப்பு நீரும் கணக்கில் இல்லை. கடலோரத்திலும் நீச்சல் குளத்திலும் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்பது போல விளம்பரம் செய்ததற்காக 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீர்த்தடுப்பு விளம்பரத்துக்காகவும் அதன் வாரன்டி மறுப்புக்காகவும் இத்தாலி 2020இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ விதித்தது. இதில் மட்டும் இரு போட்டியாளர்களும் ஒரே பக்கம். ‘ராணுவத் தரம்’ என்று போடும் எம்ஐஎல்-எஸ்டிடி-810 முத்திரை ஒரு சோதனைத் தொகுப்பின் பெயர். எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், பட்டியல் தரப்படாத இடத்தில் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பகமாகப் படுவது, 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்குக் கட்டாயமாகியிருக்கும் விவர அட்டை. கீழே விழுந்தால் தாங்கும் திறன், பழுதுபார்க்கும் வசதி, பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஏறினால் தேயும், நீர்-தூசித் தடுப்பு ஆகியவை அதில் வகைப்படுத்தப்பட்டிருக்கும். அந்த அட்டைகளின் தரவுத்தளம் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் மாதிரி அங்கேயும் விற்கிறது என்றால், போட்டியாளரின் அட்டையை அதன் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடலாம். மாதிரி எண் முழுமையாக ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் உள்ளே வேறுபட்ட போன்கள் விற்பதுண்டு.

போட்டியில் முந்துவதற்காக அவசரமாக வந்த புது வடிவம் என்றால் சில மாதங்கள் பொறுத்திருங்கள். 2019 ஏப்ரலில் விமர்சகர்களுக்குக் கொடுத்த, சாம்சங்கின் மடக்கும் போனான கேலக்ஸி ஃபோல்டின் திரைகள் சில நாட்களிலேயே பழுதாகி, விற்பனை செப்டம்பர் வரை தள்ளிப்போனது. வாங்கிய பிறகு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் போனை உறை போடாமல் இரண்டு நாள் பயன்படுத்தி, பட்டன், ஒட்டு விளிம்பு, கேமராக் கண்ணாடியின் உட்புறம் மூன்றையும் மறுபடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் உறையை மாட்டுங்கள்.