அப்கிரேடு பாதியில் நின்றுவிட்டதா? கோப்புகளை இழக்காமல் விண்டோஸை மீட்பது எப்படி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், பலரும் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிகிற வேலைதான். முடியாமல் போனால்தான் வயிற்றைக் கலக்கும்.

நான் மாட்டிக்கொண்டது என் அவசரத்தால். 61 சதவீதத்தில் ஒரு மணி நேரமாக அசையாமல் நின்றதைப் பார்த்துப் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திவிட்டேன். அப்புறம் உள்நுழையும் திரையே வரவில்லை. ஒருவழியாக மீட்டேன், ஆனால் தப்பான வரிசையில். விண்டோஸைச் சரிசெய்வதில் இறங்கிய நான், கோப்புகளைப் பற்றிக் கடைசியில்தான் யோசித்தேன். நீங்கள் அதை முதலில் செய்யுங்கள்.

படி 1: நிஜமாகவே நின்றுவிட்டதா?

சதவீதம் நகரவில்லை என்பதற்காக வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்க் விளக்கு இருந்தால் பாருங்கள், மினுக்கிக்கொண்டிருந்தால் கைவைக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால் ஓர் இரவு முழுக்க விடுவதுகூடத் தப்பில்லை. லேப்டாப்பாக இருந்தால் சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.

திரை மட்டும் கருப்பாக இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரை மறுபடி தொடங்கவைக்கும் குறுக்குவழி இது. சில சமயம் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

படி 2: மீட்புத் திரைக்குப் போவது

பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போதிய இடமுள்ள ஒரு பென்டிரைவை மட்டும் சொருகுங்கள். கணினியைப் போட்டு, லோகோ தெரிந்ததும் மறுபடி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், தொடர்ந்து தொடங்க முடியவில்லை என்று விண்டோஸே புரிந்துகொண்டு மீட்புத் திரையைக் காட்டும். அதில் 'டிரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. இனி வரும் வேலைகள் பெரும்பாலும் இங்கேதான்.

இங்கே 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டால் பதற வேண்டாம். உங்களுக்கே தெரியாமல் டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். பல புதுக் கணினிகளில் அப்படித்தான். மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு பொருந்துவதை எடுங்கள்.

படி 3: கோப்புகளை வெளியே எடுப்பது

விண்டோஸ் எழாமலேயே கோப்புகளை நகலெடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நாம் எல்லோரும் பார்த்த அதே நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன். வருகிற பெட்டியின் கீழே 'டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் போட்டோக்கள் கண்ணில் படாது, போய்விட்டன என்று பயந்துவிடுவீர்கள்.

இந்தச் சின்னப் பெட்டிதான் இப்போது உங்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கலாம். சி-யில் கோப்புறைகள் இல்லையென்றால் டி, ஈ என்று தேடிப் பாருங்கள். 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும். ரைட் கிளிக் செய்து காப்பி, பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட். எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டை எதுவும் வராது. பெட்டி உறைந்துபோனது போல நிற்கும். நிற்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்தால் மனம் அடித்துக்கொள்ளாது.

டிஸ்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். அது விண்டோஸ் பிரச்சினையே இல்லை. டிஸ்கே சாகும் நிலையில் இருக்கிறது. தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

படி 4: சரிசெய்வது, லேசானதிலிருந்து கனமானதுக்கு

முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. எனக்கு இது வேலை செய்ததே இல்லை, ஆனாலும் சில நிமிட வேலைதானே.

அடுத்து 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. 'குவாலிட்டி அப்டேட்', 'ஃபீச்சர் அப்டேட்' என்று இரண்டு இருக்கும். முதலாவது மாதாமாதம் வருவது. பதிப்பு மாறும்போது கெட்டுப்போனது என்றால் நீக்க வேண்டியது இரண்டாவதை. பழைய பதிப்புக்குத் திரும்பும் தெரிவு தனியாகக் கண்ணில் பட்டால் அதையும் முயலலாம். வழக்கமாக அப்கிரேடு செய்த 10 நாள்வரைதான் இந்த வசதி.

இதற்கும் மசியவில்லை என்றால் 'ரீசெட் திஸ் பிசி'. இங்கே நிதானம் வேண்டும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் கோப்புகள் தங்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் பெயருக்கேற்ற மாதிரி எல்லாமே போய்விடும்.

படி 5: பென்டிரைவிலிருந்து நிறுவுவது

மீட்புத் திரையே வரவில்லையா? வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் நிறுவல் வட்டு தயாரியுங்கள். கோப்புகளை நகலெடுத்த பென்டிரைவை இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள். அதிலுள்ளதை இந்த டூல் அழித்துவிடும். நோயாளிக் கணினியைப் போட்டவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் (தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும்) தட்டி, அந்தப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வரும் திரையில் கணினியைப் பழுதுபார்க்கும் தெரிவும் உண்டு. அதன் வழியாகப் போய் முதலில் படி 3-ஐ முடித்துவிடுங்கள்.

நிறுவித்தான் ஆகவேண்டும் என்றால், டிஸ்க் பகுதிகளைக் காட்டும் திரையில் பழைய விண்டோஸ் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' மட்டும் கொடுங்கள். 'ஃபார்மட்', 'டெலிட்' பக்கம் போகாதீர்கள். அப்படிச் செய்தால், போதிய இடம் இருக்கும்பட்சத்தில், பழையதெல்லாம் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் கடைசியில் மீண்டது இந்த வழியில்தான். புது டெஸ்க்டாப்பில் குப்பைத் தொட்டியைத் தவிர ஒன்றுமே இல்லாததைப் பார்த்து, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கோப்புறை கண்ணில் பட்டது. அதன் 'யூசர்ஸ்' உள்ளே எல்லாமே பத்திரமாக இருந்தன. கொஞ்ச நாளில் விண்டோஸே இதை அழித்துவிடும் என்பதால் வேண்டியதை உடனே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி அப்கிரேடு செய்யப்போகிறீர்கள் என்றால், சி டிரைவில் 20 ஜிபிக்குக் குறையாமல் காலி இடம் இருக்கட்டும். தனியாக நிறுவிய ஆன்டிவைரஸைத் தற்காலிகமாக நீக்குங்கள். கீபோர்டு, மவுஸ் தவிர மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். அப்புறம், 61 சதவீதத்தில் நின்றால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போங்கள்.