கடலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தால் போதுமா?

எதிர்க்கரையில் ஒருவர் படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டையின் நிறம்கூட எனக்குத் தெரிந்தது. நான் போகவேண்டிய ஊர் அவர் முதுகுக்குப் பின்னால்தான். நடுவில் ஓர் ஆறு, நூற்றைம்பது மீட்டர் அகலம் இருக்கும். காலையில் வரைபடத்தில் அது மெல்லிய நீலக் கீற்றாகத் தெரிந்தது. நான் கண்டுகொள்ளவே இல்லை. பாலம் ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. போக ஆறு, மறுகரையில் திரும்பி வர ஆறு. பாலத்தடிக்கு நடந்து போய், பொழுது சாய்வதற்குள் பேருந்து பிடித்துத் திரும்பிவிட்டேன். அந்த ஊரை அன்றைக்குக் கண்ணால் பார்த்ததோடு சரி.

நகரத்துக் கடற்கரையிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்து போவதை யாரும் பெரிய பயணமாக நினைப்பதில்லை. மலையேறப் போகிறவர் பத்து நாளைக்கு முன்பே மூட்டை கட்டத் தொடங்குவார். கடலோரம் நடக்கிறவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு போனால் அடுத்த ஊர் வந்துதானே ஆகவேண்டும், வழி எப்படித் தப்பும்? வழி தப்பாது என்பது சரிதான். பாதி தூரத்தில் வழி முடிந்துபோகும் என்பதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

கடலோர நகரங்கள் பலவும் ஒரு துறைமுகத்தையோ ஆற்று முகத்துவாரத்தையோ நம்பி வளர்ந்தவை. ஆகவே ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் இந்த இரண்டில் ஒன்று உங்களை மறிக்கும். அதையும் தாண்டினால் எண்ணெய்க் கிடங்கு, கழிவுநீர் நிலையம், ராணுவ வேலி, விமான ஓடுபாதை என்று நகரம் கொல்லைப்புறத்தில் ஒதுக்கி வைத்ததெல்லாம் வரிசையாக வரும். பன்னிரண்டு கிலோமீட்டரா பதினைந்தா என்பதைவிட, குறுக்கே என்ன வருகிறது என்பதுதான் அன்றைய நடையைத் தீர்மானிக்கிறது.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலிருந்து வடக்கே கடலோரமாக நடப்பவர்களை மட்டோசின்யோஸ் என்ற இடத்தில் லெய்ஷோயிஸ் துறைமுகம் மறிக்கிறது. மணல் வழியாக அதைத் தாண்ட முடியாது. கொஞ்சம் உள்ளே ஒதுங்கி, கப்பல் வந்தால் மேலே தூக்கிக்கொள்ளும் பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போகவேண்டும். தூக்கியிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் டார்செட்டில், லல்வர்த்துக்குக் கிழக்கே போகும் கடலோரப் பாதை ராணுவத்தின் சுடுகளத்துக்குள் போகிறது. பெரும்பாலான வார இறுதிகளில் திறந்திருக்கும். பயிற்சி நாளில் போய் நின்றால் சிவப்புக் கொடிதான். அதே நாட்டின் 1,014 கிலோமீட்டர் நீளமுள்ள தென்மேற்குக் கடலோரப் பாதை எர்ம் என்ற சிற்றாற்றின் முகத்துவாரத்துக்கு வரும்போது பாலமும் கிடையாது, படகும் கிடையாது. கடல் முழுவதும் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னுமாக, தண்ணீரில் இறங்கித்தான் கடக்கிறார்கள்.

அதனால் வரைபடத்தைத் திறந்ததும் தூரத்தை விட்டுவிடுங்கள். கரையோரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போய், நீலக் கோடு ஒன்று கடலைத் தொடும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பாலமா, படகா, இறங்கிக் கடப்பதா? படகு என்றால் எந்த மாதங்களில் ஓடும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு? கைபேசியின் வரைபடச் செயலி படகுத்துறையையும் ஒரு கோடாகப் போட்டு நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிடும். படகுக்காரர் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. வான்படமும் முழுதாக நம்பத்தக்கதல்ல. மழையில்லாக் காலத்தில் எடுத்த படத்தில் மணல்திட்டு அடைத்துக் கிடக்கும் முகத்துவாரம், நீங்கள் போகும் நாளில் உடைத்துக்கொண்டு ஓடலாம்.

செயலி சொல்லும் நேரத்தை அப்படியே நம்புவது

செயலி ஏறத்தாழ மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கணக்குப் போடும். தார்ச்சாலைக்கு அது பொருந்தும். மணலில் கதை வேறு. ஒரே வேகத்தில் நடக்க, கெட்டித் தரையில் ஆகும் ஆற்றலைப் போல் 2.1 முதல் 2.7 மடங்கு மணலில் செலவாகிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. அந்த வேகத்தை யாரும் பிடித்து நிற்பதில்லை. தானாகவே மூன்றுக்கு இறங்கிவிடுவோம். தண்ணீர் இப்போதுதான் விலகிய ஈரமணல் கெட்டியாக இருக்கும், அங்கே நடக்கலாம். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கி நடக்கும். பத்து கிலோமீட்டர் போனபின் இடுப்பு அதைச் சொல்லும்.

கரை பாறையும் குன்றுமாக இருந்தால் ஏற்றங்களும் சேரும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: மூன்று மைலுக்கு, அதாவது ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்கு, ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. கடலோரத்தில் ஏது 600 மீட்டர் என்று தோன்றும். 50 மீட்டர் ஏறி, 50 மீட்டர் இறங்கி, அடுத்த ஓடையில் மறுபடி ஏறி... மேலே சொன்ன தென்மேற்குப் பாதையின் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர் வருகிறது. கிட்டத்தட்ட நான்கு எவரெஸ்ட், எல்லாம் கடல் மட்டத்தை ஒட்டியே.

இன்னொரு சங்கதி. கரையின் நீளம் அளக்கும் கோலைப் பொறுத்து மாறும். கோல் சிறிதாக ஆக ஒவ்வொரு வளைவும் கணக்கில் சேர்ந்து நீளம் கூடிக்கொண்டே போகும். ஆங்கிலேய விஞ்ஞானி லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் கவனித்த இந்த விந்தையை வைத்துத்தான் கணிதவியலாளர் மண்டெல்பிரோ 1967-இல் தம்முடைய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். நம் காலடி சின்னஞ்சிறு கோல். திரையில் விரலால் கோடு இழுத்து அளந்த தூரத்தோடு நான் கால்வாசியாவது கூட்டிக்கொள்வேன்.

கடல் ஒரே இடத்தில் நிற்கும் என்று நினைப்பது

இதில்தான் உயிர் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளும். ஏழு நாளில் இது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகிவிடும். இதன் பொருள் என்ன? போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மைதானம்போல் விரிந்து கிடந்த மணல், இந்தச் சனிக்கிழமை அதே பத்து மணிக்குத் தண்ணீருக்கடியில் இருக்கும். "போன வாரம்தானே நடந்தோம்" என்று நண்பர்களை அழைத்து வருகிறவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

நிலவையும் பார்க்கவேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து ஏற்றம் மிக உயரும், வற்றம் மிக இறங்கும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் அடங்கியிருக்கும். அஷ்டமி சமயத்தில் தாராளமாகச் சுற்றிவந்த பாறைமூக்கை, அடுத்த வாரம் பௌர்ணமிக்குப் பிறகு சுற்ற முடியாமல் போகலாம்.

அடுத்தது ஏறும் வேகம். தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மாலுமிகள் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. மொத்த ஏற்றம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 சென்டிமீட்டர்தான். "மெதுவாகத்தானே வருகிறது" என்று நிழல் பார்த்து உட்காருவோம். மூன்றாவது மணியில் அது 90 சென்டிமீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரியும் தட்டையான கரையில், அந்த ஒரு மணியில் 90 மீட்டர் அகல மணல் போய்விடும்.

தண்ணீர் முன்னால் இருந்துதான் வரும் என்றும் எண்ண வேண்டாம். தட்டைக் கரைகளில் முதலில் நிரம்புவது கரைக்கும் உங்களுக்கும் இடையே உள்ள பள்ளங்களும் ஓடைகளும்தான். இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு, சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஏறிவந்த கடலில் சிக்கி இறந்தார்கள். அந்த மணலைக் கடக்க விரும்புவோரை அழைத்துச் செல்ல பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே நியமிக்கப்பட்ட வழிகாட்டி உண்டு. ஊரறிந்த ஆபத்துதான். லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் மணல்வழியில் நட்ட கம்பங்களோடு, நேரம் தவறியவர்கள் ஏறி உட்கார உயரமான மரக்கூண்டுகளையும் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு வேலை இருப்பதால்தான் வைத்திருக்கிறார்கள்.

கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் அட்டவணையைப் பார்த்தும் தவறு செய்யலாம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் நாடுகளில், சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மணி நேரம் பிசகும். அட்டவணை ஒரு துறைமுகத்துக்கானது. நீளமான கழிமுகத்துக்குள் போகப் போக நேரம் பிந்தும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும், கரையை நோக்கி வீசும் காற்று இன்னும் தள்ளும். புயல் சின்னம் இருக்கும் நாளில் அட்டவணையின் எண் அடிமட்டம் மட்டுமே. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றவற்றம் சில பத்து சென்டிமீட்டர்தான். அங்கே அலையைத்தான் பார்க்கவேண்டும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். ஓரிடத்துப் பழக்கத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

என் வழக்கம் இது. சுவரோ குன்றோ ஒட்டிய, ஒதுங்க இடமில்லாத மணற்பகுதியை வற்றத்துக்கு இரண்டு மணி முன்பு தொடங்குவேன். தண்ணீர் பின்வாங்கும்போது தாமதமானாலும் கடல் எனக்கு அவகாசம் தரும். ஆற்றில் இறங்க வேண்டுமானால் வற்றி நின்ற நேரத்தில் மட்டும். வற்றிக்கொண்டிருக்கும்போது முகத்துவாரத்தில் இழுப்பு கடலைப் பார்த்து இருக்கும். முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுவேன். மேலே மலையில் மழை என்றால் இறங்குவதே இல்லை.

நகரத்திலிருந்து புறப்படுவது

இதைத் தவறு என்று சொன்னால் பலர் சண்டைக்கு வருவார்கள். வீட்டிலிருந்து தொடங்கி வெளியே நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறதுதான். ஆனால் நகரின் நடைபாதை எல்லைக்கல்லோடு நின்றுவிடும். அடுத்த ஊரின் நடைபாதை அதன் கடைத்தெருவில்தான் தொடங்கும். நடுவில் உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத இடம்: நெடுஞ்சாலை ஓரம், நடப்பவர்களுக்கு ஒதுக்கீடே இல்லாத பாலம். சாலை ஓரம்தான் கதி என்றால் எதிரே வரும் வண்டி தெரியும் பக்கமாக நடங்கள்.

நான் அதிகாலையில் பேருந்தோ ரயிலோ ஏறித் தூரத்து ஊருக்குப் போய், அங்கிருந்து நகரத்தை நோக்கி நடப்பேன். கடைசி வண்டி போய்விடுமே என்ற பதைப்பு இல்லை. களைத்துப்போகும்போது நான் நெருங்குவது வண்டியும் விளக்கும் உள்ள இடத்தை. போர்ட்டோவிலிருந்து வடக்கே இருக்கும் விலா டோ கொன்டேக்கும் போவோவா டே வர்ஸிமுக்கும் மெட்ரோ ரயிலே ஓடுகிறது. அப்படி ஒரு தடம் கரைக்கு இணையாக ஓடினால், நடுவில் உள்ள நிலையங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; எந்த இடத்தில் முடியவில்லையோ அங்கே ஏறிக்கொள்ளலாம். திசையைக் காற்றும் தீர்மானிக்கும். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் கரையில், அது முகத்தில் அறையாமல் முதுகில் தள்ளும்படி பார்த்துக்கொண்டால் பாதிக் களைப்பு குறையும்.

அந்தக் காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. உடம்பு எரிவதே தெரியாது. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டையும், அலை நுரை 25 விழுக்காடு வரையும் திருப்பி அனுப்புகின்றன. தொப்பி மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். தாடைக்கடியிலும் காதுக்குப் பின்னாலும் களிம்பு போடாதவர்கள் இரவில் தூங்குவதில்லை. தண்ணீரை ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சேற்றில் கால் புதைந்தால் பதறி மற்ற காலால் உந்தாதீர்கள், அதுவும் போய்விடும். பின்னால் சாய்ந்து, எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள். உடம்பைவிடப் புதைமணல் அடர்த்தியானது, அதனால் முழுதாக விழுங்கிவிடாது. அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குள் கடல் ஏறும். குன்றின் அடியில் நிழலுக்கு ஒதுங்குவதும் வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாளும் கல் விழும்.

கல் விழுந்து பாதையே போவதும் உண்டு. இத்தாலியின் சிங்க்வே டெர்ரே என்ற கடலோரப் பகுதியில் ரியோமஜோரே, மனரோலா என்ற இரண்டு ஊர்களை இணைக்கும் பாதை ஒரு கிலோமீட்டர் அளவுதான். 2012-இல் பாறை சரிந்து சிலர் காயமடைந்ததும் மூடினார்கள்; மீண்டும் முழுமையாகத் திறந்தது 2024-இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் அந்த வழியைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள், பாதையைப் பராமரிப்பவர்களின் அறிவிப்பைப் பாருங்கள். அடைத்த கதவுக்கு முன்னால் போய் நின்றால், ஓரமாக ஒற்றையடித் தடம் ஒன்று தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போட்டது. அதில் போனவர்கள் எல்லாரும் மறுபக்கம் சேர்ந்தார்களா, பாதியில் திரும்பி வந்தார்களா என்று தடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.