பெயர் தொலைந்த புலவர்களைக் கட்டத்துக்குள் பிடிப்பது எப்படி?

சொல் விளையாட்டாகக் குறிப்புத் தரும் சூசகக் குறுக்கெழுத்தில் நன்கு பழகியவர்களையும், விடைகள் பலவற்றை ஒரே கருத்து இணைக்கும் கருப்பொருள் புதிர் திணறடித்துவிடும். அதில் சில குறிப்புகள் பாதியை மட்டும் சொல்லி, மீதியைக் கருப்பொருள் பிடிபட்ட பிறகே தெரிந்துகொள்ளும்படி விட்டுவைக்கும். "நட்சத்திரக் குறியிட்டவற்றுக்குப் பொருள் தரப்படவில்லை, இவர்கள் பெயர் போயிற்று, வரி நின்றது" என்று முன்னுரையில் சொல்லும் ஒரு புதிர் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நட்சத்திரக் குறிகளை முதலில் தொட வேண்டாம். மற்றக் குறிப்புகளில் விடையின் பொருள் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். எஞ்சிய சொற்கள் விடையைக் கட்டும் வழியைச் சொல்லும். "தனியா கரம் பிடித்து மணப்பது (4)" என்பது (அடைப்பில் உள்ளது விடையின் கட்ட எண்ணிக்கை) கல்யாணப் பேச்சுப் போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தாலும், தனியா என்பது மல்லி (மதுரை மளிகைக் கடைகளில் மல்லி என்று கேட்பதுதான் வழக்கம்), கரம் என்பது கை, மணப்பது மல்லிகை. குறிப்பு என்ன கதை சொல்கிறது என்பதை மறந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே இங்கு முழு வேலையும்.

கட்டங்களும் உதவும். புள்ளி எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அவ்வெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது என்பதால், ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில் புள்ளி எழுத்து விழுந்தால், குறுக்கே நிரப்பிய விடையை அப்போதே சந்தேகிக்கலாம்.

இவ்வாறு பாதி நிரம்பியதும், நட்சத்திர விடைகள் பலவற்றின் கடைசிக் கட்டத்தில் 'ர்' வந்திருப்பதும், அதற்கு முந்தையது ஆகார எழுத்தாக இருப்பதும் கண்ணில் படும். 'ஆர்' என்று முடிந்தால் மதிப்புக்குரிய மனிதர்கள். பெயர் போய் வரி நின்றவர்கள் என்றால் சங்கப் புலவர்கள். இயற்பெயர் தெரியாமல் போனதால், பாட்டில் வந்த தொடரையே பெயராகப் பெற்றவர்கள் குறுந்தொகையில் பலர். "குப்பைக் கோழித் தனிப்போர் போல" என்று பாடியவர் குப்பைக் கோழியார். ஓரேர் உழவனை உவமை சொன்னவர் ஓரேருழவனார்.

இப்போது "கட்டவிழ்த்த பரிக்கு மரியாதை (8)" என்ற குறிப்புக்கு வரலாம். ஆவணி மூலத் திருவிழாவில் நரி பரியான லீலையைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர் மனம் உடனே மாணிக்கவாசகரிடம் ஓடும். புதிர் அமைத்தவர் எதிர்பார்ப்பதும் அதுவே. கட்டவிழ்த்த என்பது விட்ட, பரி என்பது குதிரை, மரியாதைக்கு ஆர்: விட்டகுதிரையார், குறுந்தொகை 74.

இணையத்தில் விடையைத் தேடுவதைவிட நூலைப் புரட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் பாட்டுகளின் தொடக்கச் சொற்களை அகரவரிசையில் தரும் பாட்டு முதற்குறிப்பு அகராதியை நம்ப வேண்டாம். விட்டகுதிரையாரின் தொடர் முதலடியிலேயே வந்தாலும், அணிலாடு முன்றிலார் போன்றோரின் தொடர் பாட்டின் நடுவே கிடக்கும். தேவைப்படுவது புலவர் பெயர் அகராதி. உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் தொடங்கி, நற்றிணை, புறநானூறு என்று விரிக்கலாம். தேய்புரிப் பழங்கயிற்றினார் நற்றிணைக்காரர், தொடித்தலை விழுத்தண்டினார் புறநானூற்றுக்காரர். கையில் நூல் இல்லாதவர்கள் மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்று பார்க்கலாம்.

பெயர் கிடைத்த பிறகும் பேனாவால் எழுத அவசரப்பட வேண்டாம். செம்புலப் பெயனீரார் என்று சேர்த்து எழுதினால் பத்துக் கட்டம், செம்புலப் பெயல்நீரார் என்று பிரித்து எழுதினால் பதினொன்று. அடைப்புக்குள் உள்ள எண்ணோடும் குறுக்கே வரும் எழுத்துகளோடும் ஒத்துவரும் வடிவத்தையே நிரப்ப வேண்டும்.